இருள் காட்டும் காட்சி

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வளரும் சிறுவர்களுக்கு ‘நிஞ்ஜா’ என்றால் கறுப்புடை, வாள், கூரைவிட்டுக் கூரை தாவும் பாய்ச்சல். பழைய ஜப்பானியப் படங்களின் நிஞ்ஜாவோ பாய்வதைவிடப் பதுங்குவதே மிகுதி. வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தாரே, அந்த ஒற்றரின் இனத்தவர் அவர். பிறர் கண்ணில் படாதிருப்பதே அவர் தொழில்.

சத்சுவோ யாமமோட்டோ 1962இல் இயக்கிய ‘ஷினோபி நோ மோனோ’ படத்தில், மேற்கூரையில் மறைந்திருக்கும் கோயமோன், உறங்கும் நோபுனாகாவின் வாய்க்கு நேரே நூலொன்றை இறக்குகிறான். நஞ்சு அந்நூல்வழியே துளித்துளியாக இறங்குகிறது. வாள்வீச்சு இல்லை, ஒற்றை நூலிழையே காட்சியைத் தாங்குகிறது.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என ஒதுக்குவது பிழை. இதனைத் தயாரித்த டாயெய் நிறுவனம் 1953இலேயே ‘நரக வாயில்’ என்னும் வண்ணப்படத்தை உருவாக்கியிருந்தது. எனவே, இங்குள்ள கறுப்பு வண்ணம் அறியாமையால் வந்ததன்று.

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படமும் ஓர் ஒற்றனின் கதையே. அதுவும் ஜப்பானுக்கு உளவு சொன்னவனின் கதை! பாடலே இல்லாத அப்படத்தில், மாருதி ராவின் ஒளிப்பதிவில் படரும் நிழல்களே ஐயத்தை வளர்க்கின்றன. பூவிருந்தவல்லிப் பேருந்தின் நண்பகல் வெயிலில் கைப்பேசியில் பார்த்தால் அந்நிழல்கள் வெறுங்கறுப்பாகவே தோன்றும். விளக்கணைத்த அறையில் பார்த்தால், அக்கறுப்புக்குள்ளிருந்து சுவரும் கதவும் முகமும் ஒவ்வொன்றாகப் புலப்படும்.