மாலத்தீவுக்கு ஒரு வார டைவிங் ட்ரிப் சரி... கீழவைப்பார் கடலில் மூழ்குபவருக்கு யார் பொறுப்பு?

லீவுக்கு எங்கே போகலாம் என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஆரம்பித்தால், முன்பெல்லாம் கொடைக்கானல், கோவா என்று முடிந்துவிடும். இப்போது அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு சொல் சேர்ந்திருக்கிறது: 'லிவ்அபோர்டு'. ஒரு வாரம் படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, தினமும் மூன்று முறை ஆக்சிஜன்... மன்னிக்கவும், காற்று சிலிண்டரோடு கடலில் குதித்து, பவளப்பாறைகளுக்கு நடுவே நீந்திவிட்டு வரும் பயணம். மாலத்தீவில் இதற்கான படகுகள் ஏராளம். விமான டிக்கெட்டையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குச் செலவு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். இருந்தும் இளைஞர்கள் போகிறார்கள். உழைத்துச் சேர்த்த காசில் கடலைப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால், இதே 'கடலுக்கு அடியில் போவது' என்பதைப் பல நூறு வருடங்களாகத் தொழிலாகவே செய்துவரும் கடற்கரை தமிழ்நாட்டில் இருக்கிறது. தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் கீழவைப்பார். பக்கத்து ஊரின் பெயரே சிப்பிகுளம். வேம்பாரில் இருந்து மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையின் ஏழு பழைய துறைகளில் வைப்பாரும் ஒன்று. இந்த இரண்டு கடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சங்கடமான ஒரு கேள்வி எழுகிறது. பொழுதுபோக்காகக் கடலில் இறங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பிழைப்புக்காக இறங்குபவருக்கு ஏன் கிடைப்பதில்லை?

அட்டோல் என்றால் என்ன?

மாலத்தீவு, லட்சத்தீவு இரண்டுமே 'அட்டோல்' வகைத் தீவுகள். நடுவில் ஆழம் குறைந்த ஒரு காயல், அதைச் சுற்றி வளையமாகப் பவளப்பாறை, அந்த வளையத்தின் மேல் ஆங்காங்கே மணல் தீவுகள். அட்டோல் என்ற சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியில் இருந்துதான் உலகத்துக்குப் போனது. கடலுக்குள் மெல்ல மூழ்கும் எரிமலையைச் சுற்றி வளரும் பவளம், மலை மறைந்த பிறகும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருப்பதால்தான் இந்த வளையம் உருவாகிறது என்று சார்லஸ் டார்வின் 1842ல் எழுதினார். இந்தியாவில் அட்டோல்கள் இருப்பது லட்சத்தீவில் மட்டும்தான்.

மன்னார் வளைகுடாவில் இருப்பது வேறு ரகம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, கரையை ஒட்டிச் சங்கிலி போல 21 தீவுகள். அவற்றைச் சுற்றி ஆழம் குறைந்த கடலில் பவளப்பாறைகள். பல இடங்களில் நின்றால் தலை வெளியே தெரியும் அளவுக்குத்தான் தண்ணீர். மாலத்தீவு போல நீலக் கண்ணாடியாக எப்போதும் தெரியும் கடலும் அல்ல. காற்றுக் காலத்தில் கலங்கிவிடும். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள், கடல்புல், கடற்பசு என்று உயிர்ச்செழிப்பில் இது எதற்கும் குறைந்தது இல்லை. 1986ல் இது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர்.

படகில் முதல் நாள் என்ன சொல்லித் தருவார்கள்?

லிவ்அபோர்டு படகில் ஏறியதும் முதலில் வருவது பாட்டும் கூத்தும் அல்ல. ஒரு நீண்ட வகுப்பு. தனியாக இறங்கக் கூடாது, கூட ஒரு ஜோடி இருக்க வேண்டும். கையில் டைவ் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். மெதுவாக ஏற வேண்டும். மேலே வருவதற்கு முன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டும். கடைசி டைவ் முடிந்து குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது. பொழுதுபோக்கு டைவிங்குக்கு மாலத்தீவில் 30 மீட்டர்தான் எல்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? காரணம் சாதாரண இயற்பியல். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் உடம்பின் மேல் இருப்பது கரையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். சட்டென்று மேலே வந்தால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழிகள் கிளம்பும். மூட்டுவலியில் ஆரம்பித்து, பக்கவாதம், மரணம் வரை போகலாம். அதனால்தான் படகில் ஆக்சிஜன் உபகரணம் இருக்கிறது. அழுத்த அறை எந்தத் தீவில் இருக்கிறது என்பது பணியாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பயணிகளிடம் டைவிங் இன்சூரன்ஸ் கேட்கப்படுகிறது.

அதாவது, ஒரு வாரப் பயணத்தின் கட்டணத்தில் ஒரு பங்கு மீனைப் பார்ப்பதற்கு. இன்னொரு பங்கு உயிரோடு திரும்புவதற்கு.

சங்குக்காக இறங்குபவரின் கதை என்ன?

தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம். ஆனால் 1961க்குப் பிறகு இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துச்சிப்பிப் பார்கள் வற்றிப்போயின. மிச்சமிருப்பது சங்கு. இங்கே எடுக்கப்படும் சங்கு வங்காளத்துக்குப் போய், திருமணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையலாக மாறுகிறது. அந்தச் சங்கைக் கடலடி மணலில் தேடி எடுப்பவர்கள் சங்குகுளி தொழிலாளர்கள்.

பழைய முத்துக்குளிப்பில் கருவி என்று எதுவும் கிடையாது. கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளி, கயிறு பிடித்து மேலே வருவார்கள். கயிற்றின் மறுமுனையில் நம்பிக்கையான ஓர் ஆள் படகில் நிற்பார். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதுதான் அந்தத் தொழிலின் திறமை. அப்பாவிடம் இருந்து மகனுக்கு வந்த பாடமும் அதுதான்.

இப்போது அந்த இடத்துக்கு கம்ப்ரசரும் காற்றுக் குழாயும் சிலிண்டரும் வந்துவிட்டன. இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு முதல் விதியே, மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான். ஆழத்தில் இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடத்துக்கு நேர் எதிரான பாடம் இது. மூச்சடக்கி இறங்கிய தாத்தாவுக்கு நைட்ரஜன் கணக்கு பெரிய கவலையாக இல்லை. நீண்ட நேரம் அடியிலேயே இருக்கும் பேரனுக்கு அதுதான் எமன். அனுபவம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. ஆனால் இந்தப் புது ஆபத்துக்கான பாடத்தை யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை என்றால், அந்த அனுபவமே ஆளை ஏமாற்றும்.

இன்னொன்று, காற்றின் தரம். சுவாசிப்பதற்கென்று செய்யப்படாத கம்ப்ரசரில் எண்ணெய் ஆவி கலக்கலாம். என்ஜின் புகை காற்று இழுக்கும் வாய்க்குள் போனால், கார்பன் மோனாக்சைடு குழாய் வழியாக நேராக நுரையீரலுக்கு. கடலுக்கு அடியில் மயங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. சங்குகுளி தொழிலாளி கடலில் பலி என்ற நான்கு வரிச் செய்தி தூத்துக்குடி பதிப்புகளில் அவ்வப்போது வருகிறது. அடுத்த நாள் மறந்துவிடுகிறோம்.

இதே விபத்து ஒரு சுற்றுலாப் படகில் நடந்தால்? கம்ப்யூட்டர் பதிவு பரிசோதிக்கப்படும், சிலிண்டர் சோதிக்கப்படும், விசாரணை நடக்கும், உலகம் முழுக்க டைவர்கள் விவாதிப்பார்கள். கடல் இருவருக்கும் ஒன்றுதான். பின்னால் நிற்கும் அமைப்புதான் வேறு.

அப்போ இங்கேயும் லிவ்அபோர்டு கொண்டு வரலாமா?

சுற்றுலா வந்தால் வேலை வரும், பாதுகாப்பும் வரும் என்று ஒரு வாதம் உண்டு. அதை அப்படியே தள்ளிவிட முடியாது. மாலத்தீவு 2010ல் சுறா பிடிப்பதையே தடை செய்தது. செத்த சுறாவை விட, டைவர்கள் பார்க்க வரும் உயிருள்ள சுறா நாட்டுக்கு அதிக வருமானம் தரும் என்ற கணக்கும் அதற்குப் பின்னால் இருந்தது. டைவிங் ஒரு கடலைக் காப்பாற்றவும் முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் மன்னார் வளைகுடாவுக்கு இந்த ஆடை பொருந்தாது. முதல் காரணம், ஆழம். 20 மீட்டரில் மிதக்கும் டைவர் பவளத்துக்கு மேலே விலகி நிற்கலாம். இரண்டு, மூன்று மீட்டர் தண்ணீரில் புதிதாகப் பழகுபவரின் ஒரு துடுப்பு உதை போதும், பல வருட வளர்ச்சி உடைந்துவிடும். இரண்டாவது, இந்தப் பவளங்கள் ஏற்கெனவே நோயாளிகள். பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தோம். 2016 கோடையின் கடல் வெப்பத்தில் பவளங்கள் வெளுத்து, உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்தில் இருந்து சுமார் 23 சதவீதமாகக் குறைந்தது. 2024ல் உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது காரணம், தீவுகளே கரைகின்றன. கீழவைப்பாருக்கு எதிரே சில கிலோமீட்டரில் இருக்கும் காரியாச்சல்லித் தீவு 1969ல் சுமார் 21 ஹெக்டேர் இருந்தது. 2018ல் 6 ஹெக்டேருக்கும் குறைவு. பக்கத்தில் இருந்த விலங்குச்சல்லி ஏற்கெனவே மூழ்கிவிட்டது. அலையின் வேகத்தைக் குறைக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கித் தீவுகளைக் காப்பாற்ற அரசும் ஆய்வாளர்களும் போராடிக்கொண்டிருக்கும் இடத்தில், நங்கூரமும் ஜெனரேட்டரும் கழிவுநீருமாகச் சொகுசுப் படகுகளை நிறுத்துவது சரியான யோசனை அல்ல.

மாலத்தீவே இதில் பாடம் சொல்கிறது. மான்டா திருக்கைகள் கூட்டமாக வரும் ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபா டைவிங்குக்கு அனுமதி இல்லை. மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்க மட்டுமே அனுமதி. டைவிங்கால் பிழைக்கும் நாடே, 'இங்கே வேண்டாம்' என்று ஓர் இடத்தில் கோடு போட்டிருக்கிறது.

என்ன செய்யலாம்?

சொகுசுப் படகு வேண்டாம். அந்தப் படகில் இருக்கும் பாதுகாப்பு மட்டும் வேண்டும். இதுதான் விஷயம். சங்குகுளி தொழிலாளர்களுக்கு முறையான ஸ்கூபா பயிற்சி, தமிழில். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அட்டவணை, படகில் ஒட்டிவைக்கும் அளவுக்கு எளிமையாக. சுவாசக் காற்றுக்கான கம்ப்ரசர்களும் அவற்றுக்குத் தவறாத சோதனையும். படகுக் கூட்டத்துக்கு ஓர் ஆக்சிஜன் கிட். மூட்டுவலியோடு வரும் சங்குகுளி தொழிலாளியிடம், 'இன்னைக்கு எவ்வளவு ஆழம் போனீங்க அண்ணாச்சி?' என்று கேட்கத் தெரிந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள். இவை எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல; வார இறுதியில் டைவிங் கற்கும் ஓர் ஐ.டி. ஊழியருக்கு நான்கே நாளில் கிடைக்கும் விஷயங்கள்.

காப்பீட்டையும் திருத்த வேண்டும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர் விபத்தில் இறந்தால் 5 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. ஆனால் டைவிங் நோய் எப்போதும் ஒரே நாளில் விபத்தாக வருவதில்லை. வருடக்கணக்கில் எலும்பையும் மூட்டையும் தின்று, ஆளை வேலைக்கு ஆகாமல் உட்கார வைக்கும். அதையும் தொழில்சார் நோயாகப் பார்த்து இழப்பீடு தர வேண்டும்.

அடுத்தது வேலை. பவள மறுவாழ்வு, தீவு கண்காணிப்பு, பேய்வலை அகற்றுதல் எல்லாவற்றுக்கும் கடலுக்கு அடியில் வேலை பார்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அவர்கள் வெளியூரில் இருந்து வர வேண்டியதில்லை. எந்தப் பார் எங்கே, எந்தக் காற்றில் எந்த நீரோட்டம் என்று தெரிந்தவர்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். பயிற்சியும் சான்றிதழும் மாதச் சம்பளமும் கொடுத்தால், சங்கு எடுத்த கைகளே பவளம் நடும்.

பயணம் போகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். படகை புக் செய்யும் முன், நங்கூரம் பவளத்தில் போடுவார்களா, மிதவையில் கட்டுவார்களா என்று கேளுங்கள். மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகிய பிறகு பாறைப் பக்கம் போங்கள். எதையும் தொடாதீர்கள், எதையும் எடுத்து வராதீர்கள். இந்தியச் சட்டப்படி பவளத்துக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பு இருக்கிறது.

பிறகு ஒரு நாள், தூத்துக்குடிப் பக்கம் போனால் கீழவைப்பார் கரையிலும் நின்று பாருங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பது உங்கள் கையில் கட்டிய கருவி சொல்லித் தரும் பாடம். இந்தக் கரையில் இருந்து கடலுக்கு அடியில் இறங்குபவருக்கும் அந்த மூன்று நிமிடத்தைச் சொல்லித் தர ஓர் ஆள் வேண்டும். அதைச் செய்ய வேண்டியது அரசு. செய்ததா என்று கேட்க வேண்டியது, அந்த மூன்று நிமிடத்தின் மதிப்பு தெரிந்தவர்கள்.