பந்து போன திசை

மருமகன் ஸ்காபரோவிலிருந்து போன கிழமை ஒரு படம் அனுப்பினான். கைபேசிச் செயலி ஒன்றின் திரை. மேலே முல்லைத்தீவு என்று ஊர்ப்பெயர். கீழே அலை 0.4 மீற்றர், இடைவெளி 7 செக்கன், காற்று தென்மேற்கு, மணிக்கு 30 கிலோமீற்றர். பக்கத்தில் ஒரு பச்சை அம்புக்குறி. பச்சை என்றால் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது, அலை குலையாமல் நிமிர்ந்து வரும், பலகையை எடுத்துக்கொண்டு இறங்கலாம் என்று அர்த்தமாம். 'மாமா, ஓகஸ்ட்டிலை திரும்ப வாறன். இந்தப் பச்சை அப்பவும் இருக்குமோ?'

இருக்கும். வற்றாப்பளைப் பொங்கலும் முடிந்துவிட்டது. கடல் தண்ணீரில் விளக்கெரித்த அம்மன் வாசலில் சனம் கலைந்த கையோடு சோழகக் காற்று வந்து குந்திவிட்டது. ஓகஸ்ட் வரைக்கும் அது எங்கே போகப்போகிறது? எனக்குப் பயமே அந்தப் பச்சையில்தான்.

போன வருடம் அவன் வந்தபோது முதலில் பொத்துவில் பக்கத்து அறுகம்பையில் ஒரு கிழமை நின்றான். 2019 இல் உலக சேர்ஃப் லீக் தன் தகுதிச் சுற்றுப் போட்டியை நடத்திய இடம் அது. அங்கே அலைச்சறுக்குப் பழகி, பழைய பலகையொன்றையும் விலைக்கு வாங்கி, வானின் கூரையில் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்கு வந்து இறங்கினான். விடிய ஆறு மணிக்கே என்னை எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். கரைவலைப் பாடு ஒன்றில் வலை வளைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழக்கமான சம்மாட்டியார் பலகையை ஏற இறங்கப் பார்த்தார்.

"உது என்ன மாஸ்டர், கதவோ?"

விளக்கினேன். சிரித்தார். "உந்தக் கடலிலை இப்ப அலை எங்கை கிடக்கு? மார்கழியிலை வரச் சொல்லுங்கோ. வேண்டிய மட்டும் கிடக்கும். ஆனா இறங்கேலாது."

முப்பது வருடம் புவியியல் படிப்பித்த எனக்கு, அவர் நாலு வசனத்தில் சொன்னதை விளங்கப்படுத்த ஒரு பாடவேளை வேண்டும்.

அறுகம்பைக்கு வருகிற அலை நம்முடைய அலையே இல்லை. ஆபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நடுவில், தெற்கே நாற்பது ஐம்பது பாகைக்குக் கீழே, அங்கே குளிர்காலம் நடக்கிறபோது பெரும் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அவை கிளப்பிவிடுகிற அலை, காற்றை விட்டுப் பிரிந்து தன்பாட்டில் வடக்கே நடக்கத் தொடங்கும். இரண்டு அலைக்கு இடையே 15 செக்கன் இருந்தால் அந்தக் கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் வேகத்தில் வரும். ஐயாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றரைக் கடக்க ஐந்தரை நாள். கொழும்பிலிருந்து புறப்பட்டால் எங்கள் ஊருக்கு எந்தக் காலத்தில் வந்துசேரும் என்று தெரியாத சில கடிதங்களைவிட இது நம்பகமான தபால். பொத்துவில் பக்கத்து முனைகளில் அது வந்து வளைந்து, நீளமாக உடையும். பலகைக்காரருக்கு அதுதான் சொர்க்கம்.

ஆனால் இலங்கையின் கிழக்குக் கரை பொத்துவிலுக்குச் சற்று வடக்கே, சங்கமன்கண்டி முனையில் உச்சத்தைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து மெல்ல மெல்ல மேற்காகச் சாய்ந்துகொண்டே போகிறது. மட்டக்களப்பு, திருகோணமலை தாண்டி எங்களிடம் வருகையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் உள்வாங்கிவிடுகிறது. எங்கள் கரை பார்ப்பதும் வடகிழக்கை. தெற்கிலிருந்து வருகிற அலை எங்களைத் திரும்பிப் பாராமல் வங்கக் கடலுக்குள் நேரே போய்விடும். போகிற போக்கில் வாசலில் வைத்துவிட்டுப் போகிற மிச்சம்தான் அந்த 0.4 மீற்றர். அலை தன் உயரத்தைப்போல ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே எங்கள் கோடை அலை அரை மீற்றர்த் தண்ணீரில், முழங்காலடியில், கரையோடு உடைகிறது. மருமகன் மூன்றுதரம் எழும்பி நின்றான். மூன்றுதரமும் பலகையின் மூக்கு மண்ணில் குத்தியது. நாலாந்தரம் வாயில் மண்.

வாடைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கும். அலை ஆள் உயரத்துக்கு வரும், ஆனால் ஒழுங்கில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, கலங்கல் தண்ணீரும் இரைச்சலுமாக வரும். மீனவரே வள்ளத்தை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள்.

இனிப் பந்துக் கதை.

பத்து மணியிருக்கும். வவுனியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடையில் வாங்கின காற்றடைத்த பந்து. ஒரு பொடியன் அடித்தான், அது தண்ணீரில் விழுந்தது. இரண்டு பாகம் தள்ளித்தான் மிதந்தது. தகப்பன் நாலு எட்டு வைத்தார். பந்தும் நாலு எட்டுப் போனது. அவர் நீந்தத் தொடங்கினார், பந்து ஓடத் தொடங்கியது. நல்ல காலம், மனிதர் திரும்பிவிட்டார். மருமகன் விடவில்லை. பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் வலித்துக்கொண்டு பந்தின் பின்னால் போனான்.

கரையோரம் நிற்கிற பனையும் தாழையும் சவுக்கும் காற்றை மறைத்துவிடும். அலை உடைகிற இடம் வரைக்கும் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடக்கும். இருநூறு யார் தாண்டினால்தான் காற்றின் கை தெரியும். அவன் அந்த இடத்தைத் தாண்டியதை நான் பார்த்தேன், அவனுக்குத் தெரியவில்லை. முதுகில் காற்று என்றபடியால் தான் வேகமாக வலிப்பதாக நினைத்திருக்கிறான். திரும்பிப் பார்த்தபோது ஆட்கள் தீக்குச்சி அளவில் நின்றோம் என்று பிறகு சொன்னான்.

திரும்பி வர நாற்பது நிமிடம். சம்மாட்டியார் ஒரு வள்ளத்தைத் தள்ளச் சொல்லி, எஞ்சினையும் பூட்டிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். உடனே அனுப்பவில்லை. பொடியன் வலிக்கிறானா, களைத்துவிட்டானா என்று கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் வந்து மண்ணில் விழுந்ததும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாடை கொண்டுவந்து தரும் மாஸ்டர், சோழகம் கொண்டுபோகும். சத்தம் போடுற கடலுக்குச் சனம் பயப்பிடுது. சத்தம் போடாத கடல்தான் எடுக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதிக்குச் சாட்சி ஊரெல்லாம் கிடக்கிறது. வாடைக்காலத்தில் பர்மாப் பக்கத்து மூங்கில் தெப்பங்கள் வடகரைகளில் வந்து ஒதுங்குவது பத்திரிகைகளுக்குப் பழகிய செய்தி. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோகிஞ்சா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது, ஊர்ச்சனம் சோறும் தண்ணியும் கொண்டு ஓடியது. அதுவும் வாடைதான். சோழகம் கொண்டுபோனவற்றுக்குச் சாட்சி இல்லை. போனது திரும்பி வந்தால்தானே சொல்ல?

பழந்தமிழில் மேல்காற்றுக்கே 'கோடை' என்றுதான் பெயர். பருவத்தையும் காற்றையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தவர்களுக்கு இந்தச் சங்கதி தெரிந்துதான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மேற்கே இருந்து வருவது கச்சான், தெற்கும் தென்மேற்கும் சோழகம், வடக்கு வாடை, கிழக்கு கொண்டல். கடலோடிகளுக்கு இது நாலு காற்றல்ல, நாலு தொழில் நாட்காட்டி. மேற்குக் கடல் கொந்தளிக்கிற இந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து மீனவர்கள் எங்கள் கரைக்கு வந்து வாடியடிப்பது பழைய வழக்கம். அதிலிருந்து கிளம்பிய பிணக்குகள் வேறொரு கிழமைக்குரியவை. இன்று அலை மட்டும்.

மருமகனுக்கு எழுதவேண்டிய கடல் முன்னறிவிப்பை இங்கேயே எழுதிவிடுகிறேன். மற்ற ஊர்களில் இருந்து வரப்போகிறவர்களுக்கும் உதவும்.

ஆனி, ஆடி மாதங்களில் சோழகம் முழு வீச்சில் நிற்கும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் 'காங்கேசன்துறை, முல்லைத்தீவு ஊடாக' என்று வருகிற வரியைத் தேடிப் பாருங்கள். மணிக்கு 30, 40 கிலோமீற்றர் என்றிருந்தால் சாதாரண நாள். இடையிடையே 50, 60 வரை வீசும் என்றிருந்தால் கரையில் குடையே நிற்காது. விடியப்புறத்தில் காற்றுக் குறைவு, வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். முகத்தில் மணல் ஊசியாய்க் குத்தும். வெக்கை முப்பத்தைந்து பாகைக்கு வரும். அலை முழங்காலைத் தாண்டாது. வற்றுப்பெருக்கு எங்கள் கடலில் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டியதில்லை. குளிக்க நல்ல கடல். ஆனால் காற்றடைத்த ரியூப், மெத்தை, பந்து எதுவும் தண்ணீருக்குள் வரக்கூடாது. பந்து போனால் போகட்டும். வேறு பந்து வாங்கலாம்.

ஓகஸ்ட் பிற்பகுதியில் காற்றுத் தளரும். சூரியன் தெற்கே திரும்பி நடக்கையில் மாதக் கடைசியில் மறுபடி எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். பிற்பகலில் வவுனியாப் பக்கம் முகில் கறுத்தால், இடி கடற்கரைக்கு வர அதிக நேரம் செல்லாது. வெறுங்கரையில் உயரமாக நிற்கிற பொருள் நீங்கள்தான். செப்ரெம்பர் காலைகளில் காற்றே இல்லாத கண்ணாடிக் கடலைப் பார்க்கலாம். ஐப்பசி பிறந்தால் கதை மாறும்.

நடுவில் வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் உருவானால் இந்தக் கணக்கெல்லாம் பிழைக்கும். மே மாதப் புயல்கள் இதில் பெயர்போனவை. 2019 இல் ஃபானி எங்கள் கிழக்கே கடந்துபோய் மே 3 இல் ஒடிசாவின் பூரியில் கரையேறியது. அடுத்த வருடம் அம்பன், மே 20 இல் மேற்கு வங்கத்தில். வடகிழக்கைப் பார்க்கிற கரைக்கு நிமிர்ந்த அலை வருவது அப்படியான நாட்களில்தான். மருமகனுக்கு வேண்டிய அலை எங்கள் கரைக்கு வருகிற நாளில் மீனவருக்குத் தொழில் தடை.

தெற்குச் சமுத்திரத்து அலை எங்களைத் தாண்டிப் போகிறதே என்று கவலைப்பட ஒன்றுமில்லை என்பதற்குக் குமரிக் கரை சாட்சி. மலையாளக் கரையில் அதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். உள்ளூரில் காற்றில்லை, மழையில்லை, வானம் வெளிச்சமாய் இருக்கும். கடல் மட்டும் திடீரென்று எழும்பிக் கரையேறும். திருடன்போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 இல் கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போனார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகியிருந்தது. கல்யாணவீட்டுக்கு வந்த பிள்ளைகள் அதை எங்கே பார்த்திருப்பார்கள்?

இன்னொன்று. மணற்கரையில் அலை உடைகிற திட்டும், திட்டுக்கு நடுவே வெட்டு விழுந்த வாய்க்காலும் இருக்கும். இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இராது. நாயாறு, வட்டுவாகல் முகத்துவாரங்களின் அக்கம்பக்கத்தில் மணல் இன்னும் நிலையில்லாதது. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பி வெளியே போவது அந்த வாய்க்காலால். அங்கே அலை உடையாது, நிறமும் சற்றுக் கடுமையாக, அமைதியாகக் கிடக்கும். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களிலும் அவற்றின் வாய்க்கால்களிலும் நீந்திப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு, அலை அடிக்காத அந்த இடம்தான் பத்திரமாகத் தெரியும். நேரே போய் அதற்குள் இறங்குவார்கள். இழுப்பில் அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்தாமல், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அலை உடைகிற இடத்துக்குப் போகவேண்டும். நுரை உங்களைக் கரையில் கொண்டுவந்து போடும். சொல்ல ஒரு நிமிடம். குளத்துப் பிள்ளைக்கு இதைப் பழக்க ஒரு கோடை முழுக்க வேண்டும். எங்கள் பாடசாலைகளில் அலையின் நீளமும் அதிர்வெண்ணும் படிப்பிக்கிறோம். நானும் படிப்பித்தேன். ஒரு நாளாவது பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி, அந்தா அந்தக் கறுத்த இடம், அதற்குள் இறங்காதே என்று காட்டியதில்லை.

இவ்வளவையும் கைபேசியில் தட்டியெழுதி அவனுக்கு அனுப்பப் பொறுமை இல்லை. அவன் கேட்ட மற்றக் கேள்விக்கு மட்டும் பதில் தேடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனேன். விமானத்தில் ஏற்றக் காசு கூடவென்று பலகையைச் சம்மாட்டியாரின் வாடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். 'பலகை கவனமாய் இருக்கோ மாமா?'

இருக்கிறது. வாடிக்கு முன்னால், நாலு கல்லின்மேல், வெயில் பட வைத்திருந்தார்கள். மேலே நெத்தலி பரவிக் காய்ந்துகொண்டிருந்தது. காகம் வராமல் ஒரு கிழவி தடியோடு காவல்.

"நல்ல வழுவழுப்பு மாஸ்டர்," என்றார் சம்மாட்டியார். "துளி மண் ஒட்டாது. இன்னும் ரெண்டு கொண்டுவரச் சொல்லுங்கோ."