கழித்த கடலையில் நாய்க்கு உருண்டை பிடிக்கலாமா?

கேள்வி: ‘‘எங்களுக்கு மானாவாரியில் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை. ஆட்டுப்பட்டிக் காவலுக்கு இரண்டு நாட்டு நாய்கள், வீட்டில் ஒரு பூனை, பத்துப் பதினைந்து கோழிகள் இருக்கின்றன. செல்போனில் பார்த்துவிட்டு, நாய்க்கு வீட்டிலேயே பிஸ்கட் செய்யலாம் என்கிறாள் மகள். கடலை உடைத்தபோது கழித்த பருப்பு அரை மூட்டை கிடக்கிறது. அதை வறுத்து, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாமா? வேறு என்னென்ன கொடுக்கலாம்?’’
- வாசகி, குன்றாண்டார்கோவில், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: நாய்க்கு வீட்டில் தின்பண்டம் செய்வது நல்ல யோசனைதான். ஆனால், கழித்த அந்த அரை மூட்டைக் கடலை வேண்டாம். நாய்க்கு மட்டுமல்ல, கோழிக்கும் ஆட்டுக்கும் கறவை மாட்டுக்கும் அது ஆகாது. வறுத்தாலும் ஆகாது.

காரணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் வளரும் பச்சை மஞ்சள் நிறப் பூஞ்சணம் இதை உண்டாக்குகிறது. அறுவடைக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்களில் மழை பொய்த்துக் கடலை காய்ந்தால், மண்ணுக்குள்ளேயே பூஞ்சணம் ஏறிவிடும். நம் மாவட்டத்து மானாவாரிக் கடலைக்கு இந்தக் கண்டம் அடிக்கடி வரும். பூச்சி துளைத்தது, சுருங்கியது, முளைவிட்டது, நிறம் மாறியது என்று நாம் கழிக்கும் பருப்பில்தான் இந்த நஞ்சு அதிகம் சேர்ந்திருக்கும். பூஞ்சணத்தைத் தட்டிவிட்டாலும், கழுவினாலும், வறுத்தாலும் நஞ்சு முழுவதும் போகாது. கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்த நஞ்சை உலகம் அறிந்துகொண்டதே கடலையால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அடுத்தடுத்துச் செத்தன. நோய்க்கிருமி எதுவும் சிக்கவில்லை. கடைசியில், பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அதை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டதுதான் அஃப்ளாடாக்சின்.

நம் நாட்டில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடி கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட மக்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது. வயிறு வீங்கி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே போய் விசாரித்தார்கள். அதே சோள உணவைத் தின்ற வீட்டு நாய்களும் அதே மாதிரி வயிறு வீங்கிச் செத்தது தெரியவந்தது. ஒரே தானியத்தைத்தான் வீட்டாரும் தின்றார்கள், நாயும் தின்றது.

அதனால், நாய்க்கு ஆகாத கடலை உங்கள் வீட்டுச் சட்னிக்கும் ஆகாது. ‘இது நாய்க்குத்தானே’ என்று ஒதுக்கும் பழக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிட வேண்டும். நாயின் கல்லீரல் இந்த நஞ்சை மிகக் குறைவாகவே தாங்கும். அமெரிக்காவில் நாய்த் தீவனத்துக்கு வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், 2020-ம் ஆண்டின் இறுதியில் அங்கே ஒரு நிறுவனத்தின் தீவனத்தில் எல்லை மீறிப்போய், நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தன.

கழித்த கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்துவிட்டு, புண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதும் சரியல்ல. நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கி, மாட்டின் வழியாகப் பாலுக்கு வருகிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 368 மாதிரிகளில் இந்த நஞ்சு எல்லை மீறியிருந்தது. அதிக மாதிரிகள் சிக்கிய மாநிலம் தமிழ்நாடு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88 தேறவில்லை. தீவனத்தில் கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அந்த அரை மூட்டையை, கோழி கிளற முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். அடுத்த முறை, பறித்த கடலையை ஈரத்தோடு குவித்து வைக்காதீர்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்கும் வரை காய வையுங்கள். உடைக்க இலகுவாக இருக்கும் என்று காய்ந்த கடலையில் தண்ணீர் தெளிப்பது பல ஊர்களில் வழக்கம். பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது அதுதான். மூட்டைகளை வெறும் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

நாய்க்கான கேப்பை பிஸ்கட்

நீங்கள் தின்னும் நல்ல கடலையில் ஒரு கைப்பிடி எடுத்து, தாராளமாக நாய்க்குப் பிஸ்கட் செய்யலாம். அவன் அடுப்பு தேவையில்லை.

தேவையானவை: கேப்பை மாவு 200 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 200 கிராம், முட்டை 1, வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நல்ல கடலை 50 கிராம். உப்பு, வெல்லம், காரம், வெங்காயம் எதுவும் வேண்டாம்.

செய்முறை: கேப்பை மாவை வாசம் வரும் வரை வறுத்து ஆறவிடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். பரங்கிக்காயில் உள்ள ஈரமே பெரும்பாலும் போதும். சிறிய பங்குகளாகப் பிரித்துத் தட்டி, மொத்தம் 50 துண்டுகளாக வெட்டுங்கள். இட்லிப் பானையில் 15 நிமிடம் வேகவைத்து எடுத்து, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், சிறு தீயில் மொறுமொறுப்பாகும் வரை திருப்பிப் போடுங்கள். ஆறிய பிறகு டப்பாவில் போட்டு மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் பத்து நாள் வரை வைக்கலாம். வாடை மாறினாலோ, பூத்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அளவு முக்கியம். நாய் ஒரு நாளில் தின்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் இருக்கக் கூடாது. மேலே சொன்ன ஒரு துண்டில் சுமார் 20 கலோரி இருக்கும். பத்து கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்கு மூன்று துண்டு, இருபது கிலோ நாய்க்கு ஐந்து துண்டு போதும். சும்மா போடாமல், கூப்பிட்டவுடன் வந்தால் ஒன்று, பட்டிக்குத் திரும்பினால் ஒன்று என்று கொடுத்தால், சொல் பேச்சு கேட்கும்.

நாய்க்குக் கொடுக்கக் கூடாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட்டில் உள்ள ஒரு பொருள் இதயத்தைப் பாதிக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் தெரிவித்தார்கள். இந்த அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே மிஞ்சிய புளிச்சோறு, புளிக்குழம்பு சோறு, வெங்காய சாம்பார் சோறு ஆகியவற்றை நாய்த்தட்டில் கொட்டாமல் இருப்பது நல்லது. வெறும் சோறும் மோரும் போதும். ‘சர்க்கரை இல்லாத’ சூயிங்கம், மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, சிறிதளவே ஆனாலும் ஆபத்து.

கிடா வெட்டும் நாட்களில் பச்சைக் குடல், ஈரல், நுரையீரலை நாய்க்கு வீசுவது வழக்கம். அவற்றில் நீர்க்கட்டிகள் இருந்தால், நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் கழிவு வழியாக நம் கைக்கும் காய்கறிக்கும் வந்து, மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும். கட்டி இருந்தால் புதைத்துவிடுங்கள். கட்டி இல்லாததையும் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு சிறு துண்டாகக் கொடுங்கள். வேகவைத்த எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால், எலும்பை நீக்கிவிடுங்கள். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்தும், ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடுங்கள்.

பூனைக்கும் கோழிக்கும்

பூனைக்குக் கேப்பை பிஸ்கட் தேவையில்லை. பூனை கறி தின்னும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால், பூனையின் இதயம் பலவீனமாகும் என்பதை 1987-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் அல்லது கோழிக்கறி இரண்டு துண்டு போதும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சல் ஆகும். கருவாடு கொடுத்தால், தண்ணீரை இரண்டு, மூன்று முறை மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கோழிக்குக் கீரை, கறையான், பரங்கி விதை போதும். பூத்த கம்பு, பூத்த சோளம் கூடாது.

ஏற்கெனவே கழித்த கடலையைத் தின்ற நாயோ, கோழியோ இருந்தால் கவனியுங்கள். நாய் இரை எடுக்காமல் சோர்ந்து படுப்பது, வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சளாவது, சிறுநீர் பழுப்பாவது, மலத்தில் ரத்தம் ஆகியவை ஈரல் கெட்டதற்கான அறிகுறிகள். கை வைத்தியம் பார்த்துக் காத்திராமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். என்ன தின்றது, எத்தனை நாளாகத் தின்றது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதியுள்ள கடலையில் கொஞ்சம் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ‘‘மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கும் ஆட்டுக்கும் எவ்வளவு பொங்கல் ஊட்டலாம்? போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு சினை ஆடு செத்துப்போனது.’’
- வாசகர், கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: வழிபாட்டுக்கு மாட்டுக்கு ஒரு கைப்பிடி, ஆட்டுக்கு ஒரு விரல் நுனி அளவு போதும். அசைபோடும் பிராணியின் வயிறு வைக்கோலையும் புல்லையும் மெதுவாகச் செரிப்பதற்கு ஏற்றது. சோறும் வெல்லமும் அதிகம் விழுந்தால், வேகமாகப் புளித்து அமிலம் பெருகும். வயிறு கல் போலாகி, அசைபோடுவது நின்று, கழிச்சலும் தள்ளாட்டமும் வந்து, ஓரிரு நாளில் உயிரே போகலாம். பண்டிகையன்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒரு உருண்டை ஊட்டுவதால் அளவு யாருக்கும் தெரிவதில்லை. ‘ஊட்டியாச்சு’ என்று வீட்டில் ஒருவர் நின்று சொல்ல வேண்டும். முதலில் வைக்கோல் தின்ன விட்டு, பிறகு பொங்கலைக் காட்டுங்கள். ஆசைக்கு அகத்திக்கீரை, ஓரிரு வாழைப்பழம், நறுக்கிய பரங்கிக்காய், கரும்புத் தோகை கொடுக்கலாம்.

சோற்றுப் பானையில் வாய் வைத்துவிட்டது என்று தெரிந்தாலே, அறிகுறி வரும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். சினை ஆடு, கறவை மாடு என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.