முதலில் உடற்சோதனை, பிறகு விண்ணப்பம்: விமானப்படை விமானித் தேர்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

இந்திய விமானப்படையில் விமானியாக விரும்பும் மாணவர்களும் பெற்றோரும் எங்களிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி இது: "உடம்பில் ஒரு குறை இருக்கிறது. அதைச் சரிசெய்துகொண்டு விண்ணப்பிப்பதா, வயது தாண்டிவிடும் என்று இப்போதே போட்டுவிடுவதா?" ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பயிற்சி மையத்தில் "முதலில் எழுது" என்கிறார்கள். கண் மருத்துவமனையில் "ஆபரேஷன் செய்துகொள்" என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் "டிகிரி முடியட்டும்" என்கிறார்கள். ஆயுதப்படைத் தேர்வுகளுக்கு மாணவர்களை வழிநடத்தும் அமைப்பு என்ற முறையில் எங்கள் பதிலைப் பொதுவில் வைக்கிறோம்.

நிலைப்பாட்டின் சுருக்கம்

தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே உடற்தகுதியைச் சோதித்துவிட வேண்டும். குறை தீரக்கூடியது என்றால், பயிற்சி தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும். தீராதது என்றால் காலத்தை வீணாக்காமல் வேறு பிரிவுக்குத் திரும்ப வேண்டும். வயதுக்குப் பயந்து அவசரமாகக் கத்தி வைப்பதையும், நோயை மறைத்து விண்ணப்பிப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை.

வயதை எந்த நாளில் எண்ணுகிறார்கள்?

பலர் தடுமாறும் முதல் இடம் இதுதான். விண்ணப்பிக்கும் நாளிலோ எழுத்துத் தேர்வு நாளிலோ வயதைக் கணக்கிடுவதில்லை. பயிற்சி தொடங்கும் நாளில்தான் கணக்கிடுகிறார்கள். பிளஸ் டூ மாணவர்களுக்கான என்.டி.ஏ. வழியில் அன்று ஏறத்தாழ 16½ முதல் 19½ வயதுக்குள் இருக்க வேண்டும். பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ்., அஃப்கேட் வழிகளில் பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வரை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) வழங்கிய, செல்லுபடியாகும் வணிக விமானி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மேல்வரம்பு 26.

அஃப்கேட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 2025 பிப்ரவரித் தேர்வு 2026 ஜனவரியில் தொடங்கும் பயிற்சிக்கானது. தேர்வுக்கும் பயிற்சிக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு போய்விடுகிறது. "24 வரை நேரம் இருக்கிறது" என்று நினைப்பவருக்கு, கடைசியாகத் தேர்வு எழுதும் வாய்ப்பு 23ஐ ஒட்டியே முடிந்துவிடுகிறது.

கண்ணாடி போட்டவர்களின் கணக்கு

எங்களிடம் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை கண் சம்பந்தப்பட்டவை. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

விமானிக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 பார்வை தேவை. 6/9 கண்ணைக் கண்ணாடியால் 6/6 ஆக்கிக்கொள்ளும் சலுகை தூரப்பார்வைக்கு மட்டும் உண்டு. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவருக்கு லாசிக் அல்லது பி.ஆர்.கே. என்ற லேசர் சிகிச்சை ஒரு வழி. விமானப்படை அதை ஏற்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. 20 வயதுக்கு முன்பு செய்திருக்கக் கூடாது. சிக்கலின்றி ஆறி, விமானப்படை மருத்துவப் பரிசோதனைக்குள் 12 மாதமாவது கடந்திருக்க வேண்டும். விழியின் நீளம் அந்த ஆண்டு அறிவிப்பில் உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது. சிகிச்சைக்குப் பின் கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. சிகிச்சைக்கு முன் 6 டயாப்டருக்கு மேல் பவர் இருந்தவர்களுக்கு வாய்ப்பில்லை. என்.டி.ஏ. வழியில் வருபவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

இந்த விதிகளை நாள்காட்டியில் வைத்துப் பார்ப்போம். 2005 மார்ச் 15 அன்று பிறந்த ஒரு பெண், பவர் 2.5 என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்த கையோடு, 18 வயதில், லாசிக் செய்துகொண்டிருந்தால் பறக்கும் பிரிவுக் கனவு அங்கேயே முடிந்திருக்கும். 20 நிறைந்த பிறகு 2025 ஜூனில் செய்திருந்தால் 2026 ஜூனில் 12 மாதம் முடியும். பட்டப்படிப்புத் தகுதியும் கைகூடினால் 2026 ஆகஸ்ட் தேர்விலிருந்து 2028 பிப்ரவரித் தேர்வு வரை நான்கு முறை எழுதலாம். கடைசித் தேர்வுக்கான பயிற்சி 2029 ஜனவரியில் தொடங்கும்போது அவருக்கு 24 நிறைய இரண்டு மாதம் பாக்கி இருக்கும். அதே சிகிச்சையை 2027 இறுதிவரை தள்ளிப்போட்டால் அந்தக் கடைசி வாய்ப்பும் ஊசலாடும். இரண்டு ஆண்டு முந்தினாலும் தவறு, இரண்டு ஆண்டு பிந்தினாலும் தவறு.

ஆகவே, 20 வயதுக்கு முன் எந்த மாணவருக்கும் லாசிக்கை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 20 நிறைந்தாலும், பவர் ஏறாமல் நிலைத்திருக்கிறதா, விழி நீளமும் கருவிழித் தடிமனும் இடம் கொடுக்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். விழி நீளத்தை அளப்பது ஊசி, வலி இல்லாத சில நிமிட வேலை. கண்புரை அறுவைக்கு லென்ஸ் கணக்கிடும் அதே கருவிதான். நீளம் வரம்பைத் தாண்டியிருந்தால் எந்த அறுவை சிகிச்சையும் அதைக் குறைக்காது. அந்த அளவு முன்பே தெரிந்தால் வீண் செலவு மிச்சம்.

எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

அதிக எடை, இரத்தசோகை, காதில் அடைப்பு, மூக்குத் தண்டு வளைவு, சொத்தைப் பல் போன்றவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. இவற்றுக்காக விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப்போடத் தேவையில்லை. எழுத்துத் தேர்வுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் இடையில் மாதங்கள் இருக்கின்றன. இன்றே சிகிச்சையைத் தொடங்கி, கூடவே விண்ணப்பிக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மட்டும், ஆறுவதற்கு எத்தனை காலம் விட வேண்டும் என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு நாள் குறிக்க வேண்டும்.

நிறக்குருடு, முதுகெலும்பின் பிறவி அமைப்புக் குறைகள், கால் நீளம், உட்கார்ந்த உயரம் ஆகியவை வேறு வகை. விமானிக்குக் கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் அதிகபட்சம் 64 செ.மீ., உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ. என்று வரையறுத்திருக்கிறார்கள். காக்பிட்டில் மிதிகளுக்குக் கால் எட்ட வேண்டும். ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் இடிக்கக் கூடாது, அந்த உதையை முதுகெலும்பு தாங்க வேண்டும். வளர்ச்சி நின்ற பிறகு இந்த அளவுகளில் தவறுபவருக்குக் காத்திருப்பதால் பலனில்லை. அவர்கள் தரைப்பணிப் பிரிவுகளின் தகுதி விதிகளை அன்றே பார்க்கட்டும்.

ஒருமுறை மட்டும் கிடைக்கும் தேர்வு

விமானித் திறனைச் சோதிக்கும் சி.பி.எஸ்.எஸ். என்ற கணினித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும். அதில் தவறினால் எந்த வழியிலும் மீண்டும் விமானிக்கு விண்ணப்பிக்க இயலாது. "சும்மா ஒருமுறை எழுதிப் பார்" என்ற அறிவுரை இங்கே பொருந்தாது. காய்ச்சலோடும் தூக்கமில்லாமலும், நேற்றுதான் ஒரு சிகிச்சை முடிந்த நிலையிலும் அந்தத் திரைக்கு முன் உட்காரக் கூடாது. வயது வரம்புக்குள் இன்னொரு தேர்வு பாக்கி இருப்பவர், உடல் தேறிய பிறகு வருவதே புத்திசாலித்தனம்.

நாங்கள் ஏற்காதவை

ஆஸ்துமா, வலிப்பு, பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்கச் சொல்லும் ஆலோசனையை நிராகரிக்கிறோம். உறுதிமொழியில் கையெழுத்திட்டுவிட்டு மறைத்தது பிறகு தெரிந்தால் வேலை போகும். வானில் அந்த நோய் தலைதூக்கினால் உடன் பறப்பவர் உயிரும் போகும். இரண்டு ஆண்டு கூடுதல் வயதுக்காக மட்டும் பல இலட்சம் கடன் வாங்கி வணிக விமானி உரிமம் எடுப்பதையும் பரிந்துரைக்க மாட்டோம். கண்ணாடியோடு டி.ஜி.சி.ஏ. மருத்துவச் சான்று பெற்ற ஒருவர் விமானப்படை மருத்துவரிடம் தகுதியிழக்கலாம்.

வயது வரம்பை உயர்த்தும்படி நாங்கள் கோரவில்லை. போர்விமானி முழுத் தகுதி பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன. இளமையில் எடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. நாங்கள் கோருவது இரண்டு. மருத்துவத் தகுதி விதிகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எளிய நடையில் வெளியிட வேண்டும். கட்டணம் செலுத்தி முன்கூட்டியே ஆலோசனைப் பரிசோதனை செய்துகொள்ளும் வசதியை ஆயுதப்படை மருத்துவமனைகளில் ஏற்படுத்த வேண்டும்.

முன்கூட்டியே உடற்சோதனை செய்வது ஏழை மாணவருக்குக் கூடுதல் சுமை என்ற வாதம் எங்களுக்குத் தெரியும். ஆனால் கண், காது, எடை, இரத்தம் ஆகியவற்றின் அடிப்படைச் சோதனைகளை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். ஓராண்டுப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கடைசியில் நிறக்குருடு என்று தெரிந்து திரும்புவதுதான் பெரும் சுமை. ஆகவே எங்கள் வழிகாட்டுதலுக்கு வருபவர்களில் விமானிப் பிரிவைத் தேர்ந்தெடுப்போரிடம் பிறந்த தேதியையும் கண் பரிசோதனை அறிக்கையையும் முதல் நாளே கேட்போம். அந்த இரண்டும் கைக்கு வந்த பிறகே பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவோம். மற்றப் பயிற்சி மையங்களும், கட்டணம் வாங்கும் முன் இதையே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.