அம்பு விழுந்த பக்கம்

ஸ்ரீராமபிரானின் திருக்கரத்தில் கோதண்டம், சிவபெருமானுக்குப் பினாகம், அர்ஜுனனுக்குக் காண்டீபம். வில்லேந்திய திருமேனிகளைச் சேவித்துப் பழகிய கண்களுக்கு இன்றைய விளையாட்டு வீரரின் வில் சற்று விநோதமாகவே தோன்றும். நடுவில் உலோகக் கைப்பிடி. அதிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு சட்டம். அதன் நுனியில் சிறு வளையம். வளையத்தின் நடுவே கடுகளவு புள்ளி. இதுவே 'சைட்' எனப்படும் குறிக்கருவி. நாணை இழுத்துத் தாடையில் நிலைநிறுத்தி, அந்தப் புள்ளியை இலக்கின் மையத்தில் பொருத்தி, வில்லாளி அம்பை விடுகிறார்.

துரோணாசாரியார் மரக்கிளையில் பறவை ஒன்றை வைத்துத் தம் சீடர்களைச் சோதித்த வரலாறு அனைவரும் அறிந்ததே. அதில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு நுட்பம் உண்டு. ஆசாரியர் எடுத்தவுடன் அம்பை விடச் சொல்லவில்லை. "உனக்கு என்ன தெரிகிறது?" என்றுதான் முதலில் வினவினார். பார்வையைச் சோதித்த பிறகே கைக்கு அனுமதி அளித்தார். புதிய குறிக்கருவியை அமைக்கும் இன்றைய வில்லாளியும் அதே வரிசையில்தான் செல்ல வேண்டியுள்ளது.

கருவியை வாங்கி வில்லில் பொருத்திவிட்டால் அம்பு தானாக மையத்தில் தைத்துவிடாது. கை நீளமும் முக அமைப்பும் நாண் இழுக்கும் வலிமையும் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவருக்குச் சரியான நிலை மற்றவருக்குப் பொருந்தாது. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த சீதல் தேவி பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர். வலக்காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, தாடையின் துணையால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து அவர் வெண்கலப் பதக்கம் வென்றார். அவருடைய வில்லுக்குரிய அளவை உலகில் வேறு எவரிடமிருந்தும் கடன் வாங்க இயலாது. அவரவர் அளவை அவரவரே எய்து கண்டறிய வேண்டும்.

அந்த முறை எளிமையானது. முதலில் திருகுகள் யாவும் இறுகியுள்ளனவா என்று பார்க்கிறார்கள். ஒவ்வோர் அம்புக்கும் வில் அதிர்வதால், தளர்ந்த திருகு மெல்ல இடம் பெயர்ந்துவிடும். பின்னர் அம்பு பலகையைத் தவறிப் போகாதபடி, இலக்குக்கு மிக அருகில் நின்று தொடங்குகிறார்கள். ஒரே புள்ளியைக் குறிபார்த்து மூன்று அம்புகள். முதல் அம்பு எங்கே விழுந்தாலும் கருவியைத் தொடுவதில்லை. ஒரு நாள் வரவை மட்டும் பார்த்து ஆண்டு முழுமைக்கும் ஐந்தொகை எழுத முடியுமா?

மூன்று அம்புகளும் மூன்று திசையில் சிதறினால், கருவியைத் திருத்திப் பயனில்லை. கை இன்னும் நிலைப்படவில்லை என்பதே அதன் பொருள். மூன்றும் நெருக்கமாக ஓரிடத்தில் தைத்து, அந்த இடம் மட்டும் மையத்திலிருந்து விலகியிருந்தால், கை சரியாக இருக்கிறது. கருவியைத்தான் நகர்த்த வேண்டும்.

எந்தப் பக்கம் நகர்த்துவது? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அம்பு இடப்புறம் விழுந்தால் புள்ளியை வலப்புறம் தள்ள வேண்டும் என்று மனம் சொல்லும். உண்மை அதற்கு நேர்மாறானது. அம்பு இடப்புறம் போனால் புள்ளியையும் இடப்புறமே நகர்த்த வேண்டும். அம்பு மேலே போனால் புள்ளியும் மேலே. காரணம் எளிது. இடப்புறம் நகர்ந்த புள்ளியை மீண்டும் மையத்தில் பொருத்துவதற்கு வில்லாளி தம் வில்லைச் சற்று வலப்புறம் திருப்பியாக வேண்டும். வில் திரும்பினால் அம்பும் திரும்பும். அம்பு விழுந்த பக்கத்துக்குப் புள்ளி சென்றால்தான் அம்பு மையத்துக்கு வரும்.

எவ்வளவு நகர்த்துவது என்பதற்கும் கணக்கு உண்டு. கண்ணுக்கும் புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 90 செ.மீ. இருப்பதாகக் கொண்டால், 18 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கு அதைப்போல் 20 மடங்கு தூரம். அங்கே புள்ளியை 1 மி.மீ. நகர்த்தினால் அம்பு 2 செ.மீ. நகரும். ஒலிம்பிக் போட்டியின் தூரம் 70 மீட்டர். அங்கே அதே 1 மி.மீ. ஏறக்குறைய 8 செ.மீ. ஆகிவிடும். ஒலிம்பிக் இலக்குத்தாளின் குறுக்களவு 122 செ.மீ.; அதில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 12.2 செ.மீ. மட்டுமே. நடு மையத்தில் தைக்க வேண்டிய அம்பை அந்த வட்டத்துக்கு வெளியே தள்ள ஒரு மில்லிமீட்டர் பிழையே போதும். அருகில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை, தொலைவில் பதக்கத்தையே பறித்துவிடும்.

தூரம் கூடக்கூட அம்பு தாழ்ந்து விழும். ஆகவே வில்லை உயர்த்திப் பிடிக்கும்படி, புள்ளியைப் படிப்படியாகக் கீழே இறக்குகிறார்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் உரிய நிலையைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். 30 மீட்டருக்கு எழுதிய அளவு 70 மீட்டருக்கு உதவாது. அதனால் அந்த அளவு தவறானது என்று எவரும் சொல்வதில்லை. தூரம் மாறிவிட்டது, அவ்வளவே.

இந்தப் பணியில் ஓர் ஆபத்தும் உண்டு. சோர்ந்த நாளில் வில்லாளியின் தோள் சாய்கிறது. அம்புகள் ஒரே பக்கமாக விலகுகின்றன. தோளை நிமிர்த்துவது கடினம். திருகை நகர்த்துவது எளிது. நகர்த்தியவுடன் அம்பும் மையத்தில் தைக்கிறது. ஆனால் பிழை நீங்கவில்லை, கருவிக்குள் குடிபுகுந்துவிட்டது. கணக்கில் இடிக்கும் தொகையைச் 'சஸ்பென்ஸ்' கணக்கில் போட்டு மூடுவதைப் போன்றது இது. மறுநாள் அவர் நிமிர்ந்து நின்று முறையாக எய்தால், சரியான அம்பு தவறான இடத்தில் விழும். அதனால்தான் தேர்ந்தவர்கள் உடல் ஓய்ந்த வேளையில் கருவியைத் திருத்துவதில்லை.

வில் பிடித்தறியாத முதியோருக்கும் இதில் எண்ணிப் பார்க்க ஏதேனும் உண்டா? நிரம்ப உண்டு. பேரன் ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகள் ஒரு நாள் கடிந்து ஒரு சொல் சொல்லிவிட்டாள். அது ஓர் அம்பு. அதைக் கொண்டு ஆளை அளந்துவிடலாகாது. மூன்று அம்புகளேனும் விழட்டும்.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. பல வீடுகளில் பெரியவர்களின் அன்பில் கலப்படமே இல்லை. அவர்கள் சொல்வதும் நன்மையே. "நேரத்துக்குச் சாப்பிடு", "செலவைக் குறைத்துக்கொள்", "இரவில் வெளியே போகாதே" என்று ஒரே அக்கறையோடு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் அந்தச் சொற்கள் கேட்பவர் உள்ளத்தில் அன்பாக விழாமல், ஒவ்வொரு முறையும் குற்றச்சாட்டாகவே விழுகின்றன. அம்புகள் நெருக்கமாகத்தான் தைக்கின்றன. தைக்கும் இடம்தான் வேறு. இந்நிலையில் குரலை உயர்த்துவது, புள்ளியை எதிர்ப்பக்கம் தள்ளுவதற்கு ஒப்பாகும். சொல் இன்னும் விலகியே போகும். சொல் எங்கே விழுந்ததோ அங்கே முதலில் மனம் சென்று பார்க்க வேண்டும். "நான் சொன்னது உனக்கு எப்படிப் பட்டது?" என்று ஒரு முறை கேட்டால் போதும். அன்பை மாற்றத் தேவையில்லை. அது புறப்படும் கோணத்தில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம் வேண்டும். பேரக்குழந்தைகள் கடல் கடந்து வாழும் இந்நாளில், தூரமும் கூடியிருக்கிறது அல்லவா?

முண்டக உபநிஷதம் பிரணவத்தை வில்லாகவும், ஆன்மாவை அம்பாகவும், பிரம்மத்தை இலக்காகவும் உருவகித்து, சற்றும் அயராத கவனத்தோடு அந்த இலக்கை எய்தச் சொல்கிறது. அந்தப் பெரிய இலக்கை நோக்கி நாள்தோறும் ஜபமும் வழிபாடும் செய்வோர், மாலையில் சில நிமிடம் அன்றைய அம்புகள் எங்கே விழுந்தன என்று பார்த்துக்கொள்வது நலம். சிதறியிருந்தால் மனத்தை நிலைப்படுத்தலாம். ஒரே பக்கமாக விலகியிருந்தால், கூசாமல் அந்தப் பக்கமே சென்று திருத்திக்கொள்ளலாம். நாளைக்கும் நாணேற்ற வேண்டுமே!