மருந்தும் பசியும்



தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளை நம் ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் படித்திருப்பீர்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுந்து நடக்கிறாள்; சூழ நின்றோர் திகைத்துப் போகின்றனர். அந்த வேளையில் ஆண்டவர், பிள்ளைக்கு உண்ணக் கொடுக்கச் சொல்கிறார். புதுமை நிகழ்ந்த அந்த வீட்டில் பிள்ளையின் பசியை நினைத்தவர் அவர் ஒருவரே.

இதனை இம்மாதம் நினைவுகூர்வதற்குக் காரணம், நான் செய்த ஒரு பிழை.

எங்கள் பங்கில் பத்து வயதுப் பீடச் சிறுவன் ஒருவன் உண்டு. நல்ல மனம் படைத்தவன். ஆயின் ஓர் இடத்தில் நிற்க அவனால் இயலாது. மறையுரை நடக்கும்போதே மணியை எடுத்து அடித்துவிடுவான். பள்ளியில் ஒரு வரி எழுதுமுன் ஐந்து முறை எழுந்திருப்பான். பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் நன்கு ஆராய்ந்து, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலை இது என்று கண்டு, மெத்தில்ஃபெனிடேட் என்னும் மாத்திரையைத் தொடங்கினார். சில வாரங்களில் மாற்றம் தெரிந்தது. சிறுவன் திருப்பலி முடியும்வரை அமைதியாக நின்றான். நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். அவன் அங்கியின் இடைக்கயிறு முன்னைவிட நீளமாகத் தொங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அது தவக்காலம். மதிய உணவைத் தொடாமல் அவன் திருப்பிக் கொண்டுவருவதை அறிந்து, 'நல்ல ஒறுத்தல்' என்று பாராட்டியவர்களும் உண்டு. திருச்சபைச் சட்டம் நோன்பை 18 வயது நிறைந்தவர்களுக்கும், இறைச்சி தவிர்த்தலை 14 வயது நிறைந்தவர்களுக்குமே கடமையாக்குகிறது. பத்து வயதுப் பிள்ளை நாள்தோறும் உண்ணாதிருப்பது தவம் அன்று. நாம் கவனிக்க வேண்டிய ஓர் அறிகுறி.

ஒரு சனிக்கிழமை மாலை நவநாள் முடிந்ததும் அவன் தாய் என்னிடம் வந்தார். "சாமி, பிள்ளை மதியத்தில் ஒரு பிடிகூடச் சாப்பிடுவதில்லை. இரவு பதினொரு மணிவரை விழித்திருக்கிறான். மாத்திரையால்தான் என்று மாமியார் சண்டையிடுகிறார்கள்" என்றார். நானோ அடுத்த வேலைக்கு விரைந்துகொண்டிருந்தேன். "பத்து வயதுப் பிள்ளைக்கு மாத்திரை எதற்கம்மா? நிறுத்திப் பாருங்கள், செபியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். சாமியே சொல்லிவிட்டார் என்று அந்தத் தாய் மறுநாளே நிறுத்திவிட்டார்.

மூன்று வாரங்கள் சென்றன. பள்ளியிலிருந்து முறையீட்டின் மேல் முறையீடு வந்தது. வீட்டில் அடியும் விழுந்தது. ஒரு நாள் திருப்பலிக்குப்பின் திருவுடைகளை மடிக்க உதவிக்கொண்டிருந்த சிறுவன் என்னைப் பார்த்து, "மாத்திரை போட்டால் பசிக்காது சாமி; போடாவிட்டால் எல்லாரும் ஏசுகிறார்கள். எது பரவாயில்லை, சாமி?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. குருமடத்தில் நான் இறையியல் கற்றேன், மருத்துவம் கற்கவில்லை. கல்லாத ஒன்றில் தீர்ப்புச் சொன்னது என் குற்றம். அத்தாயிடம் மன்னிப்புக் கேட்டு, அவர்களுடன் மருத்துவரிடம் நானும் சென்றேன்.

மருத்துவர் யாரையும் கடியவில்லை. "மாத்திரை எத்தனை மணிக்கு? சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். உண்மை அப்போது வெளிப்பட்டது. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. எட்டு மணிக்கு இட்லி. அதற்குள் மருந்து வேலை செய்யத் தொடங்கிப் பசியை அடக்கிவிடும். நண்பகலில் தரவேண்டிய இரண்டாம் மாத்திரையை, பள்ளியில் கொடுக்க ஆளில்லை என்று, மாலை நான்கு மணிக்குத் தனிப்பயிற்சி வகுப்புக்கு முன் கொடுத்து வந்தனர். அதனால் இரவில் உறக்கமில்லை. மருந்தை விட வேளையே பெரிதும் பிழைத்திருந்தது!

மருத்துவர் ஒழுங்கை மாற்றினார். முதலில் வயிறாரக் காலை உணவு, பிறகே மாத்திரை. இவ்வகைச் சாதாரண மாத்திரையின் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்பதால், நண்பகலில் பசி சற்றுத் திரும்பும். அப்போது உண்டபின் இரண்டாம் மாத்திரை. வகுப்பாசிரியை அதனைக் கொடுக்க அன்புடன் இசைந்தார்.

இம்மருந்து நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், ஊக்க மருந்து ஒன்று இத்தகைய பிள்ளைகளை நிலைப்படுத்துவதை 1937-இல் எழுதி வெளியிட்டார். மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உருவாக்கப்பட்டது. இது மயக்கும் மருந்தன்று. கவனத்தை ஆளும் மூளைப் பகுதிகளுக்கு ஊக்கம் தருவது. இதன் நன்மையைப் போலவே பக்க விளைவுகளும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. ஆகையால் அவற்றைக் கண்டு அஞ்சவும் வேண்டா, மறைக்கவும் வேண்டா. மருத்துவரிடம் நான் கேட்டறிந்தவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

பசியின்மையே பெரும்பாலும் காணப்படுவது. மதியம் உண்ணாத பிள்ளையை அடித்து உண்ணவைக்காதீர்கள். வேர்க்கடலை, வாழைப்பழம், முட்டை என்று சிறிதளவில் சத்து மிகுந்ததைக் கொடுத்தனுப்புங்கள். மாலையில் மருந்தின் ஆற்றல் குறைந்ததும் பசி எழும். 'மதியம் தின்னாதவனுக்கு இப்போது என்ன?' என்று கேளாமல், அந்நேரத்தில் இலை நிறையப் படையுங்கள். படுக்குமுன் பாலும் கொடுக்கலாம்.

உறக்கம் வராவிட்டால், கடைசி மாத்திரை எப்போது கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். மாலைக் காப்பியையும் தேநீரையும் நிறுத்துங்கள். கைப்பேசியை முன்னிரவிலேயே எடுத்து வையுங்கள். தலைவலி, வயிற்றுவலி முதல் சில வாரங்களில் வந்து பலருக்குத் தாமே தணிந்துவிடும்; நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்து இறங்கும் மாலை வேளையில் சில பிள்ளைகள் காரணமின்றி அழுவார்கள், சினப்பார்கள். அது திமிர் அன்று. அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தை வைத்து வாட்டாதீர்கள், விளையாட விடுங்கள். அன்றைய குடும்பச் செபமாலையில் அவன் ஒரு பத்து மணி மட்டும் சொல்லி எழுந்தாலும் அன்னை மரியா கோபித்துக்கொள்ள மாட்டார்.

வளர்ச்சியைப் பற்றிய அச்சம் எல்லாத் தாய்மார்க்கும் உண்டு. அமெரிக்காவில் 579 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முதல் முடிவுகள் 1999-இல் வெளிவந்தன. அப்பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, புதிதாக மருந்து தொடங்கி உட்கொண்டு வந்தவர்கள் மூன்றாண்டு முடிவில், உட்கொள்ளாதவர்களைவிடச் சராசரியாக 2 சென்டிமீட்டர் அளவு குறைவாக வளர்ந்திருந்தனர். எனவே ஆறு மாதத்திற்கு ஒரு முறையேனும் உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து எழுதி வையுங்கள். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, பிள்ளைக்கு இதயக் குறை இருந்தாலோ, மருந்து தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாதவை தோன்றுதல் ஆகியன கண்டால், அடுத்த வேளை மருந்தைக் கொடாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிரிப்பை இழந்து பொம்மைபோல் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டு, 'அடங்கிவிட்டான்' என்று மகிழாதீர்கள். அளவு மிகுந்துவிட்டதன் அடையாளமாக அது இருக்கலாம். அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், அட்டோமாக்சிட்டின் போன்ற வேறு வகை மருந்துக்கும் மாறலாம். விடுமுறையில் இடைவெளி விடவும் சில மருத்துவர்கள் இசைவார்கள். இவற்றுள் எதனையும் மருத்துவரைக் கேளாமல் செய்யாதீர்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள்; தேர்வுக்குப் படிக்கும் அண்ணனுக்கோ அக்காளுக்கோ அது உரியதன்று.

செபத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் கடவுளே என்று சீராக்கின் ஞானநூல் கற்பிக்கிறது. செபிக்கும் கைகளே உணவையும் பரிமாறட்டும். மருந்தின் நேரத்தையும் குறித்து வைக்கட்டும். பிள்ளை தன் உடலில் உணர்வதைச் சொல்லும்போது பொறுமையாய்ச் செவிமடுப்பதும் இறைவனுக்கு உகந்த பணியே. பங்குத்தந்தையர்க்கும் அன்பியத் தோழர்க்கும் ஒரு வேண்டுகோள்: இத்தகைய தாய் ஒருவர் உங்களிடம் வந்தால், அறிவுரை கூறுமுன் அமர்ந்து கேளுங்கள். என்னைப்போல் வழியில் நின்று பதில் சொல்லிவிடாதீர்கள்.

அச்சிறுவன் இன்றும் எங்கள் பீடத்தில் பணிபுரிகிறான். மணி சில நாள் முந்தி ஒலிக்கிறது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நான் அவனிடம் முதலில் கேட்டது, "சாப்பிட்டாயா?" என்பதே. "இரண்டு தோசை, சாமி, மூன்றாவது பாதி" என்றான்.

இறைவன் உங்கள் இல்லங்களையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.