கேட்பவனுக்கும் உரிமை உண்டு!

காரைக்குடிச் சீமைக்கு வருவோர் கானாடுகாத்தான் மாளிகைகளைக் கண்டு வியக்கின்றனர். பர்மாத் தேக்கைத் தடவிப் பார்க்கின்றனர். ஆத்தங்குடிக் கல்லின் அழகிலே சொக்கி நிற்கின்றனர். அதே ஊரிலே 1881-இல் பிறந்த அண்ணாமலை செட்டியார் எழுப்பிய கேள்வியை எண்ணிப் பார்ப்போர் எத்துணைப் பேர்? தமிழர் கூடும் அவையிலே தமிழ்ப் பாட்டுக்கு இடம் எங்கே என்பதே அக்கேள்வி!

அன்றைய கச்சேரி மேடையை எண்ணிப் பாருங்கள். கேட்டவன் தமிழன், காசு கொடுத்தவன் தமிழன், பாட்டோ பெரும்பாலும் தெலுங்கு, அன்றேல் வடமொழி! தமிழுக்குக் கிடைத்தது கடைசியில் ஒரு துக்கடா. விருந்துக்குப் பொருள் தந்தவனுக்குப் பந்தி முடிந்த பின்னர் இலை!

1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசை மாநாடு கூடிற்று. சீறி எழுந்தது எதிர்ப்பு. இசைக்கு மொழியில்லை என்றனர். மொழியைப் புகுத்தினால் தரம் தாழும் என்றனர். இசைக்கு மொழியில்லையெனில், தமிழிலே பாடும்போது மட்டும் தரம் தாழ்வானேன்?

தியாகராயரின் மேதையை மறுப்பார் யார்? அவர் தம் தாய்மொழியிலே உருகினார். அந்த உரிமையைத்தான் தமிழன் கேட்டான்! சீர்காழி அருணாசலக் கவிராயர் இராம காதையைத் தமிழிலே பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியார் பண்ணையாள் நந்தனின் கண்ணீரைத் தமிழிலே பாடினார். அவை தரமற்றவையோ?

1943-இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. 1952-இல் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. செல்வர் பொருள் தந்தார், நன்றி. ஆனால் செல்வர் கட்டுவது மன்றம்; அதிலே உயிர் நிரப்புபவன் கேட்பவன். நாடக மேடை ஏறுகிறவன் நான், அறிவேன். முன்வரிசை நாற்காலி வசூலைத் தரும். மணல் தரையிலே அமர்ந்தவனின் கைதட்டல்தான் நாடகத்தை வாழவைக்கும்.

மொழிச் சுவர் ஒன்றே சுவர் என்று எண்ணாதீர். கட்டணம் ஒரு சுவர். சாதி ஒரு சுவர். இந்தத் தெருவுக்குள் இந்தக் கலை வாராது என்னும் இறுமாப்பு இன்னொரு சுவர்! 2015-இல் சென்னை ஊரூர்-ஆல்காட் மீனவர் குப்பத்திலே கருநாடக இசை ஒலித்தது. கடலோரக் காற்றிலே சுருதி கலைந்துவிட்டதா? இல்லையே!

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கச்சேரி பேசும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: பாட்டு எங்களுக்குப் புரியுமா? மேடை எங்கள் சேரிக்கும் எட்டுமா?

விடை வரும்வரை விடாதீர்!